வாஷர் ட்ரையரில் திணைமயக்கம்: ஓர் ஆய்வு

அம்மிக்கும் உரலுக்கும் முறத்துக்கும் வழக்காற்றியலில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே வயிற்றுக்குள் முடித்துத் தரும் வாஷர் ட்ரையர் மட்டும் ஆய்வுலகின் கடைக்கண் பார்வைகூடப் படாமல் சர்வீஸ் ஏரியா மூலையில் நிற்கிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக் களம், சென்னை அடுக்ககம் ஒன்று. காலம், ஐப்பசி முதல் மார்கழி வரை. அதாவது பால்கனிக் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் முழங்காலில் ஈரமாகவே இருக்கும் பருவம். தகவலாளர்கள் இருவர்: ஆய்வாளரின் தாயார், மெஷின் பார்க்க வந்த மெக்கானிக். மனைவி தகவலாளராக இருக்க மறுத்து, மேற்பார்வையாளர் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார்.

இயந்திரத்தை ஐந்திணையாகப் பகுக்கலாம் என்பது இவ்வாய்வின் கருதுகோள். சோப்புத் தட்டு உயரத்தில் இருப்பதாலும், நீர் அருவியாக இறங்கிப் பவுடரோடு கூடும் இடமாதலாலும் அது குறிஞ்சி. கதவைச் சுற்றிய ரப்பர் வளையம் முல்லை. திரையில் ‘1 நிமிடம்’ என்று காட்டிவிட்டுக் கதவு திறக்காமல் நெடுநேரம் காக்கவைப்பதால் ‘இருத்தல்’ என்னும் உரிப்பொருள் அங்கே பொருந்துகிறது. நீர்வளமும் ஊடலும் மிகுந்த டிரம், மருதம். ஊடலின் காரணம் ஃபில்டரை யார் கழுவுவது என்பதே. அடியில் உள்ள வடிகால் பம்பு நெய்தல். அங்கே குனிந்தவர் எவரும் இரங்காமல் எழுந்ததில்லை. ஹீட்டரும் காற்றுக்குழாயும் பாலை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்பது பழைய மரபு. இங்கே ஒரு பட்டனை அழுத்தினால் மருதமே பாலையாகிவிடுகிறது. பராமரிப்புச் சிக்கல்கள் அனைத்தும் இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

மயக்கம் புதிதன்று. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950களிலேயே இத்தகைய இரட்டைப் பெட்டியை வீடுகளுக்கு விற்றது.

பாலையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மற்றவற்றைப் பாழ்படுத்துவது அதுதான். ஹீட்டர் சுடவைத்த காற்றை விசிறி டிரம்முக்குள் தள்ளுகிறது. ஈரத்தை உறிஞ்சிய காற்று பின்புறக் குழாய்க்குள் போகிறது. அங்கே குளிர்ந்த நீர் பட்டு, காற்றிலுள்ள ஆவி மறுபடி நீராகி வடிகிறது. வெப்பப் பம்பு வைத்த புதுவகைகள் வேறு வழியில் இயங்குவதால் அவை ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆகவே நீரால் குளிர்விக்கும் இவ்வகையில் துணி காயத் தண்ணீர் வேண்டும். வெளிப்பார்வைக்கு முரண்போலத் தோன்றும் இவ்வுண்மை, 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, நகரம் லாரிக்குக் குடம் பிடித்து நின்றபோது இந்த மெஷின் வைத்திருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். மேல்தொட்டி காலியானால் துவைப்பு மட்டுமன்று, உலர்த்தலும் நின்றுவிடும்.

தனி ட்ரையரில் பஞ்சைப் பிடிக்க ஒரு வலை உண்டு. ஒவ்வொரு முறையும் அதை உருவித் தட்டிவிடலாம். இரண்டும் கலந்த இப்பெட்டிகளில் பலவற்றுக்கு அது கிடையாது. துண்டிலிருந்தும் வேட்டியிலிருந்தும் கிளம்பும் பஞ்சு, வடிகிற நீரோடு சேர்ந்து தானே வெளியேறிவிடும் என்பது வடிவமைத்தவர் கணக்கு. பஞ்சுக்கு அக்கணக்கு தெரியாது. ஈரக் குழாயின் சுவரில் ஒட்டுகிறது, காய்கிறது, அதன்மேல் இன்னொரு படலம் ஏறுகிறது. காற்றோட்டம் குறையக் குறைய இரண்டு மணி நேரத்தில் காய்ந்த துணி நாலு மணி நேரமானாலும் சூடாக மட்டும் இருக்கிறது, காய்வதில்லை. கறுப்புச் சட்டையில் சாம்பல் துகள் ஒட்டி வருவதும், தீய்ந்த வாசனை எழுவதும் அடுத்த நிலைகள். இந்நிலையில்தான் இரண்டாம் தகவலாளர் வரவழைக்கப்பட்டார். மேல்மூடியைக் கழற்றி, குழாய்க்குள் விரலை விட்டு, நாய்க்குட்டி அளவுக்குச் சாம்பல்நிறப் பஞ்சை உருவி எடுத்தார். “மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். நீங்க உள்ள ஒரு தலகாணி தச்சுட்டு இருந்திருக்கீங்க” என்பது அவருடைய வாக்குமூலம்.

தலையணை தைக்காதிருக்க வழி எளிது. துணி காய்ந்தபின், டிரம்மைக் காலியாக வைத்து ஒரு அலசல் ஓடவிட்டால் குழாயில் ஒட்டிய பஞ்சில் ஒரு பகுதியாவது கீழே இறங்கும். சில மெஷின்களில் இதற்கென்றே தனிச் சுற்று உண்டு. அதைவிட முக்கியமானது அளவு. 8 கிலோ துவைக்கும் பெட்டி பெரும்பாலும் 5 கிலோவைத்தான் காயவைக்கும். ஸ்டிக்கரில் இரண்டு எண்ணும் அச்சாகியிருக்கின்றன. பெரிய எண்ணை மட்டும் படிப்பது நம் மக்களின் வாசிப்பு மரபு. முழு 8 கிலோ துவைத்தால், குவியலில் 3 கிலோவையாவது எடுத்துவிட்டு மிச்சத்தை உலர்த்துவதே முறை. சட்டைப் பையில் டிஷ்யூ தாள் கிடந்தால் மேற்கண்டவை அனைத்தும் வீண்.

முல்லைக்கு வருவோம். ரப்பர் வளையத்தின் கீழ்மடிப்பை இரு விரலால் விலக்கிப் பார்த்ததில் தெளிவான மண்ணடுக்குகள் தென்பட்டன. மேலடுக்கில் ஈரம் காயாத தலைமுடிச் சுருள். நடுவில் ஒரு ஊக்கு, புடவை ஃபால்ஸிலிருந்து பிரிந்த நூல். அடியில் வழவழப்பான கறுப்புப் படிவத்துக்குள் ஒரு ரூபாய் நாணயம். நாணயத்தில் 2011 என்று இருப்பதால் அடுக்கின் காலமும் 2011 என நிறுவ முனைந்தபோது, மெஷின் வாங்கியதே 2021இல்தான் என்று மேற்பார்வையாளர் குறுக்கிட்டார். கறுப்பு என்பது பூஞ்சை. ஒவ்வொரு முறையும் மடிப்பை உலர்ந்த துணியால் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தால் அது வராது. சிறு குழந்தை இருக்கும் வீடு என்றால் மட்டும் கதவில் ஒரு கண் இருக்கட்டும்.

“துணி தொவைக்கிற மெஷினையே தொவைக்கணுமாடா? அப்ப அது என்னத்துக்கு?” என்று மருதத்துக்கு வந்ததும் முதல் தகவலாளர் ஒரு தடை எழுப்பினார். விடை கூறுதும். குளிர்நீரில் துவைக்கத் துவைக்க, கரையாத சோப்பும் உடம்பின் எண்ணெய்ப்பசையும் டிரம்முக்கு வெளிப்புறம், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் படிகின்றன. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கையில் கைப்பிடி பவுடர் கூடப் போடுவது அதை வளர்க்கிறது. மாதம் ஒருமுறை, காலி டிரம்மில், மெஷின் அனுமதிக்கும் அதிக வெப்பத்தில் ஒரு சுற்று ஓட வேண்டும் என்க. போர் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: நீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து, தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டரின்மேல் ஓடாகக் கட்டும். அதற்கென விற்கும் உப்புநீக்கிப் பவுடரைப் போட்டால் கரையும். அதோடு பிளீச்சிங் பவுடரையும் ஒரு கை சேர்ப்போம் என்று மட்டும் எண்ண வேண்டாம். உப்புநீக்கியிலுள்ள அமிலமும் பிளீச்சும் கூடினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்கு ஆபத்து.

குறிஞ்சியை அழுத்தி உருவி, குழாயடியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

எஞ்சியது நெய்தல். முன்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு மூடி. அதற்குள் திருகி எடுக்கும் ஃபில்டர். ரப்பரில் தங்காத நாணயங்களும் குழாயில் ஒட்டாத பஞ்சும் இறுதியில் வந்து சேருமிடம் இதுவே. மூடிக்கும் தரைக்கும் இடையே இருக்கும் சந்தில் பக்கெட் நுழையாது, குண்டான் நுழையாது. நுழைந்தது வெற்றிலை பாக்கு வைக்கும் தாம்பாளம் ஒன்றுதான். அதன் எதிர்விளைவாக முதல் தகவலாளர் ஆய்விலிருந்து விலகிக்கொண்டார். அருகே சின்ன வடிகால் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே நீரை வடித்துவிட்டு, ஃபில்டரை மெல்ல மெல்லத் திருகுவதே அறிவுடைமை. ஒரே திருப்பில் திறப்பவர் கடல் என்பதன் பொருளை முழங்கால் வரை உணர்வார்.

ஒற்றைக் காலுறை எங்கே போகிறது என்பது இவ்வாய்வில் தீர்க்கப்படவில்லை. பின்வரும் ஆய்வாளர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபில்டரில் கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெந்நீர்ச் சுற்று ஓடி முடிந்த கையோடு திறக்காமல், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள்.