கொல்லைக்கு எந்தக் காய்?

வீட்டுத் தோட்டத்துக்குக் காய்கறி தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஊரின் தட்பவெப்பத்துக்கு எது ஒத்துவரும்? எந்தப் பட்டத்தில் விதைப்பது? வீட்டுக்கு எவ்வளவு தேவை? குரங்கு எதைத் தொடாது? நடைமுறையில் பெரும்பாலான தோட்டங்களை முடிவுசெய்வது ஐந்தாவது கேள்விதான்: விதைப் பாக்கெட்டில் எந்தப் படம் அழகாக இருக்கிறது?

முதல் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு: தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலை 3,000 அடிக்கு மேல் உயரமுள்ளது. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு போன்ற சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு விளைவிக்கிறார்கள். கீழே தர்மபுரியில் மின்விசிறி ஓடும் இரவில் மேலே போர்வை தேடுவார்கள். பீன்ஸ், முட்டைக்கோஸ், சௌசௌ ஆகியவை இந்தக் குளிர்ச்சிக்கு ஏற்றவை. வெண்டை வெயில் கேட்கும் செடி. 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் விதை முளைக்க வெகுவாக யோசிக்கும். முருங்கை குளிரில் கீரை தரும், காய் தருவதில் கஞ்சம் காட்டும். முருங்கைக்காய் சாம்பார் இல்லாமல் சோறு இறங்காதவர் மலைக்குக் குடியேறுமுன் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

தட்பவெப்பத்தில் வெயிலும் அடக்கம். காப்பிக்கு நிழல் வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எனவே காப்பித் தோட்டத்து மர நிழலில் தக்காளி நடுபவருக்கு நெடிய தண்டும் நிறைய இலையும் கிடைக்கும். ரசத்துக்குக் கடைத் தக்காளிதான்.

பட்டம் தவறக் கூடாது. நாட்டு அவரையை ஆடியில் விதைக்கிறார்கள். பகல் குறுகிய பிறகே பூக்கும் கொடி அது; அதுவரை பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்துகொண்டிருக்கும். இந்த இடைவெளியில் மூன்று வகை மனிதர்களைக் காணலாம்: எரு போதவில்லை என்பவர், எரு அதிகம் என்பவர், விதை விற்றவரைத் திட்டுபவர். பொறுமை இழந்து ஐப்பசியில் கொடியைப் பிடுங்கியவர் மார்கழியில் பக்கத்து வீட்டில் அவரைக்காய் கேட்க நேரும்.

அளவுக் கணக்கும் தேவை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி என்று உள்ளது. நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ. இதை மொத்தமாகப் பூசணியிலேயே ஈடுகட்ட முயல்வது தொடக்கக்காரர் இயல்பு. பூசணி ஒரே சமயத்தில் முற்றும். முதலில் கூட்டு, பிறகு சாம்பார், பிறகு அல்வா, பிறகு உறவினர் வீடுகள். கடைசியில் உறவினர் வருவது குறையும். மெக்சிகோவிலிருந்து வந்த சௌசௌவுக்கும் இந்தக் குணம் உண்டு. முளைவிட்ட முழுக் காயைப் புதைத்தால் போதும், ஒரு கொடியே ஒரு குடும்பத்துக்குத் தாங்கும். இரண்டு கொடி நட்டவர் புதிய நண்பர்களைத் தேட வேண்டும். மாறாக, விதைத்த 25 நாளில் முளைக்கீரை பறிக்கலாம். வாரம் ஒரு சிறு பாத்தி என்று விதைத்தால் இந்தத் திணறல் இல்லை.

குரங்கும் காட்டுப்பன்றியும் மலையோரத் தோட்டங்களில் பங்குதாரர்கள். மண்ணுக்கு மேல் விளைவதில் குரங்குக்கு உரிமை, கீழே விளைவதில் பன்றிக்கு. மிளகாயையும் பாகற்காயையும் குரங்கு பெரும்பாலும் விட்டுவிடும். பாகற்காயை வீட்டுப் பிள்ளைகளும் விட்டுவிடுவதால், பந்தலில் முழுதாக முற்றும் காய் அது ஒன்றே.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் வத்தல்மலை வீட்டுக் கொல்லைக்கு ஓர் அவரைப் பந்தல், ஒரு சௌசௌ கொடி, இரண்டு பாத்தி பீன்ஸ், வெயில் படும் மூலையில் தக்காளியும் மிளகாயும், வாசலருகே கீரை என்பது பொருத்தமான தேர்வு. அவரை, பீன்ஸ் இரண்டும் பெரும்பாலும் தம் மகரந்தத்திலேயே காய்ப்பவை; வீட்டில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே விளையும். செழித்த கொடியில் திரட்சியான காய்களைப் பார்த்து, பறிக்காமல் விதைக்கு விட வேண்டும் என்பது விதி. பறிக்க மறந்து முற்றிப்போனதை விதைக்கு விட்டதாகச் சொல்வது வழக்கம்.