தகைமை இல்லாமையே தகைமை

கேள்வி: ஆண்டுக்கணக்காக வேலையின்றி இருப்போருக்கு அரசாங்கம் கொடுப்பது வேலையா, உதவிப்பணமா?
(வாசகர், கிராண்ட்பாஸ், கொழும்பு 14)

பதில்: சம்பளப் பட்டியலில் அது வேலை, தேர்தல் மேடையில் அது உதவி. ரணசிங்க பிரேமதாச 1989இல் தொடங்கிய ஜனசவிய, வறிய குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாவை இரண்டாண்டுகளுக்கு ஒதுக்கி, அதில் 1,458 ரூபாவை நுகர்வுக்கு விட்டு, எஞ்சிய 1,042 ரூபாவைக் கட்டாயச் சேமிப்பாக்கி, முடிவில் திரளும் ஏறத்தாழ 25,000 ரூபாவே பெறுநரைச் சுயதொழிலாளராக்கிவிடும் என்று கணக்கிட்டது. கணக்கு பிழையில்லை, கையில் காசில்லாத அயலவரிடையே கடை திறப்பவர் யாருக்கு விற்பார் என்பதுதான் அதில் விடுபட்டது. 1995இல் சமுர்த்தி அதன் இடத்துக்கு வந்தது.

2020இல் நிலைமை இன்னும் சுவையானது. வறிய குடும்பத்தினர் ஒரு இலட்சம் பேரைப் பயிற்றி அரச சேவையில் சேர்ப்பதற்கென அமைந்த பல்நோக்கு அபிவிருத்திச் செயலணித் திணைக்களம், க.பொ.த. சாதாரண தரத்தை எட்டாதிருப்பதையே தகைமையாக்கி, பயிற்சிக் காலத்தில் மாதம் 22,500 ரூபா வழங்க, அதே ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகளும் பயிலுநர் நியமனம் பெற்றனர். சாதாரண தரம் சித்தியெய்தியும் பல்கலைக்கழகம் செல்லாது நாட்கூலி தேடும் கிராண்ட்பாஸ் இளைஞருக்கோ, முதற் கதவில் படிப்பு அதிகம், இரண்டாவதில் படிப்புப் போதாது. அடுத்த திட்டத்தை வகுப்போர் சான்றிதழைப் புரட்டுவதற்கு முன், வேலையின்றிக் கழிந்த ஆண்டுகளை எண்ணட்டும்.