ஜார்களின் நகரில் மேலங்கி

ரஷ்ய ஜார் முதலாம் பீட்டர் 1703-இல் நெவா ஆற்றின் சதுப்பு முகத்துவாரத்தில் நிறுவிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சொகுசாகச் சுற்றிப் பார்ப்பது எவ்வாறு என்பதும், குறிப்பாக, இரண்டாம் காதரீன் 1764-இல் பெர்லின் வணிகர் ஒருவரிடமிருந்து பெற்ற ஓவியங்களோடு தொடங்கிய எர்மிட்டாஷ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்டின் முன் நிதானமாக நிற்பது எவ்வாறு என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும். அதற்குமுன் மேலங்கியைப் பற்றி ஓரிரு வரிகள் கூற வேண்டியுள்ளது.

கொடுத்த காசுக்கு ஊரே குனிந்து வணங்கும் என்னும் நம்பிக்கை சொகுசுப் பயணி எவருக்கும் உண்டு. ஐசக் பேராலயத்தின் பொன்முலாம் பூசிய குவிமாடம் தெரியும் அறையும், காலையில் மீன்முட்டையோடு வரும் ‘பிளினி’ என்னும் மெல்லிய அப்பமும் அந்நம்பிக்கையை வளர்த்துவிடுகின்றன. அது நொறுங்கும் இடம் ‘கார்தெரோப்’. அரங்கத்திலோ அருங்காட்சியகத்திலோ நுழைவோர் மேலங்கியைக் கழற்றி ஒப்படைத்து, ‘நொமெரோக்’ எனப்படும் எண்வில்லையைப் பெற்றுக்கொள்ளும் கூடத்துக்கு இப்பெயர். டிசம்பர் பிற்பகுதியில் ஏறத்தாழ ஆறு மணி நேரப் பகலையே காணும் ஊரில் மேலங்கி அணியாமல் வருவதும் இயலாது, அதை அணிந்தபடி உள்ளே செல்வதும் இயலாது.

மேலங்கியின் கழுத்துப்பட்டிக்கு உட்புறம், கொக்கியில் மாட்டுவதற்காகச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தைக்கப்படும் நாடா வளையமே இந்நகரப் பண்பாட்டின் அடிப்படை அலகு என்று துணிந்து கூறலாம். மேலங்கியின் விலை ஏற ஏற இவ்வளையம் மெலிந்து, ஒரு நிலையில் இல்லாமலே போய்விடுவது தையற்கலையின் விளக்கவியலாப் புதிர்களுள் ஒன்று. வளையமற்ற மேலங்கியைக் கையில் வாங்கும் கார்தெரோப் மூதாட்டி அதைப் புரட்டிப் பார்த்து, கழுத்தைத் தடவி, மீண்டும் புரட்டி, இறுதியில் அதன் உரிமையாளரைத் தாயில்லாப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஏறிட்டுப் பார்ப்பார். அண்மையில் ஓர் அரங்கத்தில், பின்னால் நின்ற வரிசை முழுவதும் எட்டிப் பார்க்க, இத்தகைய கண்டனம் ரஷ்ய மொழியில் நெடுநேரம் நிகழ்த்தப்பட்டது. அதைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற பயணி யார் என்பது ஆய்வுக்குத் தேவையற்றது. மேலங்கி மட்டும் மலிவானதன்று என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். விற்றுத் தீர்ந்த பாலே நடனத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்கித் தரும் விடுதிப் பணியாளரால் ஒரு விரற்கடை நாடாவைத் தேடித் தர இயலவில்லை. குளியலறையில் சோப்புக்கு அருகே வைக்கப்படும் ஊசிநூல் பொட்டலம் எதற்கு என்பது, நள்ளிரவில், கட்டில் விளிம்பில் அமர்ந்து கண்ணாடியைத் தேடும்போதுதான் விளங்கும். அவ்வாறு தைக்கப்படும் வளையமோ மறுநாளே அறுந்துவிடும். அதற்குரிய கண்டனம் தனி.

பீட்டர்ஹாஃப் அரண்மனையின் நீரூற்றுகள் விசைக்குழாய் ஏதுமின்றி நிலத்தின் சரிவாலேயே பீறிடுவன என்பது வியப்புக்குரியது. எனினும் மேலங்கி தேவைப்படும் பருவத்தில் அவை அடைபட்டுக் கிடப்பதால் இங்கு விவரிக்கத் தேவையில்லை. ரெம்பிராண்டுக்கு இன்னும் இடமிருக்கிறது.

ஒப்படைத்ததை மீட்பது அடுத்த சிக்கல். திரை விழுந்ததும் அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் கார்தெரோப்பை நோக்கிப் பாயும். முன்வரிசை இருக்கைக்குப் பெருந்தொகை கொடுத்தவரும் மேல்மாடத்து மாணவரும் அங்கே சமமாகின்றனர், அதாவது மாணவர் முந்திக்கொள்கிறார். ஆனால் மேலங்கியை ஒப்படைக்கும்போதே சிறு தொகைக்கு இருகண் நோக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தவர், அதைத் திருப்பித் தரும் சாக்கில் வரிசையில் நில்லாமல் மேலங்கியைப் பெறலாம் என்னும் வழக்கம் பல அரங்குகளில் உண்டு. உள்ளூர்வாசிகள் அக்கருவியைக் கண்ணருகே கொண்டு செல்வதேயில்லை. ஐந்து நட்சத்திர விடுதியின் வழிகாட்டிக் கையேடு மீன்முட்டை வகைகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறது. இந்த இருகண் நோக்கி வழக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.