கெலிஓயாவில் தேகம் மெலிதற்குரிய மார்க்கங்கள்: ஓர் ஆராய்ச்சி

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியில், மகாவலி கங்கையையும் அதற்கு அப்பால் ஹந்தானை மலைத்தொடரையும் அயலாகக் கொண்டு விளங்கும் கெலிஓயாப் பிரதேசத்தை ஆராய முற்பட்ட அறிஞர்கள், சுற்றுவட்டாரத்துக் கடலாதெனிய விகாரையின் கற்பணியையும் எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களின் சித்திர வேலைப்பாட்டையும் விரற்கடை விரற்கடையாக அளந்து எழுதினார்களேயன்றி, அத்தூண்களைக் காணச் செல்லும் கனவான்களின் இடையளவு வருஷந்தோறும் பெருகிவரும் விஷயத்தை ஏறெடுத்தும் பார்த்தாரில்லை. அக்குறையை நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் பூர்வாசிரியர்கள் இல்லாமலில்லை. பாதுவா நகரத்து வைத்தியப் பேராசிரியர் சந்தோரியோ, தராசிலே தொங்கவிட்ட ஆசனத்தில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் நிறுத்துப் பார்த்து 1614இல் ஒரு நூல் வெளியிட்டார். வளர்ந்தோரின் எடை அவர்தம் உயரத்தின் வர்க்கத்தை அனுசரித்துப் பெருகுவதை 1832இல் பெல்ஜியத்துக் கணித நிபுணர் கெத்தலே எடுத்துக் காட்டினார். லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங் என்பாரோ, பாணையும் சீனியையும் பியரையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தாம் மெலிந்த வரலாற்றை 1863இல் சிறு பிரசுரமாக அச்சிட்டு, தம் தொழிலுக்கே விரோதமான காரியத்தைத் தம் செலவிலேயே செய்து முடித்தார். கெத்தலேயின் சூத்திரத்துக்கு 1972இல் அன்சல் கீஸ் என்னும் அமெரிக்கர் உடற்திணிவுச் சுட்டெண் என்று நாமகரணஞ் செய்தார். 2004இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழுவொன்று, ஆசிய தேகத்துக்கு 25 வரை காத்திராமல் 23இலேயே எச்சரிக்கை வேண்டும் என்றுரைத்தது. இதன் பயனாக, 165 சென்ரிமீற்றர் உயரமும் 65 கிலோ எடையும் கொண்டு நிம்மதியாக இருந்த ஒருவர், மேலும் ஒரு பிடி சோறும் உண்ணாமலே நமது ஆராய்ச்சிக்குரிய பாத்திரமானார்.

இனி, உள்ளூர் மார்க்கங்களை நோக்குமிடத்து, அவை மூன்று சம்பிரதாயங்களாய்ப் பிரிந்து நிற்கின்றன. முதலாவதாகிய நடையர் சம்பிரதாயத்தினர், அருணோதயத்தில் வெள்ளைச் சப்பாத்து அணிந்து வீதியோரம் விரைபவர்களும், கண்டி வாவியைச் சுற்றிவரவென்றே பஸ் ஏறிச் சென்று பஸ்ஸிலேயே திரும்புபவர்களும் என இருவகைப்படுவர். 10,000 அடி என்னும் எண்ணை இவர்கள் வேதவாக்காகக் கொள்வர். ஆயினும் அவ்வெண் வைத்திய சாஸ்திரத்தில் உதித்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளக்கும் கருவியின் பெயரிலே பிறந்தது. ஐப்பசி மாதத்து இடிமழை தொடங்கியதும் இச்சம்பிரதாயம் பெரும்பாலும் அஸ்தமிக்கிறது. இரண்டாவதாகிய பத்தியக்காரர், திங்கட்கிழமை தொடங்கி இராச்சோற்றைத் துறந்து, கலியாண அழைப்பிதழ் கைக்கு வந்ததும் புரியாணிக்கும் வட்டிலப்பத்துக்கும் விசேஷ விலக்களித்து, அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் தொடங்குபவர்கள். மூன்றாவதாகிய யந்திரிகர், ஜனவரி மாதத்தில் ஜிம்முக்குச் சந்தா கட்டி, மார்ச் மாதத்தில் அங்குள்ள யந்திரங்களைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் தயாள குணத்தினர்.

இவற்றோடு மூலிகை வாதமும் ஒன்று உண்டு. மீன் கறிக்குப் புளிப்பூட்ட நம் அடுப்பங்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டுவரும் கொறக்காய், கடல் கடந்து சென்று மாத்திரையாகி, கொழுப்பைக் கரைக்கும் சஞ்சீவி என்னும் கீர்த்தியோடு விலைபோகிறது. நியூயோர்க் வைத்தியர்கள் 135 பேரை இரு பிரிவாக்கிப் பன்னிரண்டு வாரம் பரீட்சித்து, கொறக்காய்ச் சத்து உண்டோருக்கும் வெறும் மாத்திரை உண்டோருக்கும் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லையென 1998இல் அறிவித்தனர். மீன் கறியை இரண்டாம் முறையும் வாங்கி ஊற்றிக்கொள்ளும் கனவான்களின் வயிற்றைப் பிரத்தியட்சப் பிரமாணமாகக் கொண்டிருப்பின், அப்பரீட்சைக்கு அவசியமே நேர்ந்திராது.

இனிக் கணிதம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஹந்தானைச் சரிவில் 300 மீற்றர் உயரம் ஏறுவாராயின், அவர் தம் தேகத்தை உயர்த்தச் செய்யும் வேலை ஏறக்குறைய 53 கிலோகலோரி ஆகும். தசையானது தான் எரிப்பதில் சுமார் கால்பங்கையே வேலையாக மாற்றவல்லதாதலால், அவருக்கு ஏற்படும் மொத்தச் செலவு 210 கிலோகலோரி அளவினது. சீனியோ கிராமொன்றுக்கு 4 கிலோகலோரி தருவது. பிளேன்டீ ஒன்றுக்கு 10 கிராம் சீனியெனக் கொள்ளின், ஐந்து கோப்பையிலே அவர் ஏறிய மலை ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடுகிறது. மலையேறுவோர் ஊரில் சிலரே. ஐந்து கோப்பை அருந்தாதோர் அவரினும் சிலர்.

அங்ஙனமாயின் சீனியை விட்டுவிடலாமே என்பது பூர்வபட்சம். இவ்வாதத்தை எழுப்புவோர் தேத்தண்ணியின் இரசாயனத்தை அறிவாரேயன்றி, கெலிஓயாவின் உபசார தர்மத்தை அறியார். ஒருவர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, "எனக்குச் சீனி வேணாம்" என்று சொன்ன கணமே, வீட்டுக்கார அம்மா திடுக்கிட்டு, "என்ன மகன், இந்த வயசிலயே சீனி வருத்தமா?" என்று வினவுவார், இல்லையென மறுத்தால், மறைக்கிறார் என்று தீர்மானிக்கப்படும், அச்செய்தி பதுளை ரயிலை முந்திக்கொண்டு கம்பளையை அடைந்து, பேசி முடியும் நிலையிலிருந்த சம்பந்தமொன்றையும் தடுமாறச் செய்யும். ஆகவே, ஒரு மார்க்கம் நிலைப்பதும் நிலையாததும் அதன் சாஸ்திர பலத்தைப் பொறுத்ததன்று. அதை அனுஷ்டிப்பவர் எத்தனை பேருக்குச் சமாதானம் சொல்ல நேர்கிறது என்பதைப் பொறுத்ததாகும்.

சித்தாந்தம் இங்கேதான் பிறக்கிறது. சீனியிடாத தேத்தண்ணியை, கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கையில் வைத்துக் கடித்துக் கடித்து அருந்தும் பழைய மலைநாட்டு வழக்கத்தை ஒருவர் கைக்கொள்வாராயின், அவரை நோயாளி என்பாரில்லை. சுவையறிந்த ரசிகர் என்றே ஊரார் மெச்சுவர். கருப்பட்டியும் ஏறக்குறைய சீனியே. அதற்குத் தனி மகிமை ஏதும் கற்பிக்க வேண்டியதில்லை. கோப்பைக்குள் கரைந்த இரண்டு கரண்டியைக் கண் காண்பதில்லை. கையிலுள்ள துண்டு எவ்வளவு என்பதைக் கண்ணும் காண்கிறது, அதை நகத்தளவாக உடைப்பதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதுமில்லை. அதன் சிறப்பு அவ்வளவே.

இது சகலருக்கும் விதித்த விதியன்று. ஒருவருக்கு இரண்டாவது பொல் ரொட்டியை விடுவது எளிது. வேறொருவருக்கு ஒரு தரிப்பிடம் முந்தி பஸ்ஸிலிருந்து இறங்குவது எளிது. எதுவாயினும், மழை தடுக்காததும், விருந்து கெடுக்காததும், எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாததுமாகிய மூன்று இலட்சணங்களும் பொருந்தியதே ஒருவருக்குரிய சொந்த மார்க்கம் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு. வாசகர்கள் தத்தமக்கு உரியதைத் தேர்ந்து, ஒருவரிடமும் பிரஸ்தாபிக்காமல் இன்றே தொடங்குவார்களாக. சீனி வருத்தம் மெய்யாகவே உடையவர்கள் மாத்திரம், கருப்பட்டியையும் இக்கட்டுரையையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வைத்தியரிடம் செல்வார்களாக.