விதைக்கு விட்ட காய்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு கள ஆய்வு

காய் என்பது சமைப்பதற்கே என்னும் கொள்கை நம்மிடையே நெடுங்காலமாக, போதிய சான்றின்றி, நிலவி வருகிறது. சென்ற ஆடியில் இவ்வாய்வாளர் அரிய விதைகளைக் கைமாற்றிக்கொள்ளும் குழு ஒன்றில் சேர்ந்தார். ஏழே மாதங்களில் அக்கொள்கை தகர்ந்தது.

குழுவில் சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. எல்லோர் மொட்டை மாடியிலும் இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகளில்தான் பயிர். வாளிகளின் எண்ணிக்கைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு கோட்டாவது அடித்திருக்க வேண்டும். சுவர்கள் அதை உறுதிசெய்யவில்லை. கூடுமிடம் ரயில் நிலையத்தருகே ஒரு டீக்கடை. திருவள்ளூரிலிருந்து வருபவர் ரயிலேறினால் சென்னைக்குப் போய், வண்டி மாறி, வடக்கே திரும்பித்தான் கும்மிடிப்பூண்டியைச் சேர முடியும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு அவரை விதை மாநிலத் தலைநகர் வழியாகப் பயணம் செய்வதை இதுவரை எந்த ஆய்வாளரும் கண்டுகொள்ளவில்லை.

வெறுங்கையோடு வரக்கூடாது என்பது சேர்க்கை விதி. இவ்வாய்வாளர் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் தனியா கொண்டுபோனார். குழுவின் மூத்தவர் அதைப் பிரித்தார், முகர்ந்தார், மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு இரக்கப்பட்டு ஒரு மொய் கவரை நீட்டினார். உள்ளே சிறகு அவரை ஐந்து, மூக்குத்தி அவரை மூன்று, தம்பட்டை அவரை இரண்டு. கவரில் ஒட்டியிருந்த ஒரு ரூபாயைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, "சிறகு அவரை அஞ்சு குடுத்திருக்கேன், பத்தா வரணும் தம்பி" என்றார்.

இந்த வட்டி விகிதத்துக்கு முன்னோடி உண்டு. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-இல் நெல் திருவிழாவைத் தொடங்கிய நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல் 2 கிலோ கொடுத்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பக் கேட்டார். அது திருவாரூர் மாவட்டம், இது திருவள்ளூர். தபால்காரருக்கே குழம்பும் வித்தியாசம், வட்டியில் மட்டும் இல்லை. சட்டத்துக்கும் ஆட்சேபம் இல்லை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பிரிவு 39, உழவர் விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம், பிராண்டு பெயரிட்டு மட்டும் விற்கக்கூடாது என்கிறது. மொய் கவரில் அச்சாகியிருந்த ஜவுளிக்கடைப் பெயர் பிராண்டாகுமா என்பது மேலாய்வுக்குரியது.

இனி முடிவுகள். சிறகு அவரையின் தோல் கெட்டியானது; உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து இரவு முழுதும் ஊறவைத்தால்தான் முளைக்கும். கொடி பந்தலை மூடி, துணி உலர்த்தும் கம்பியைப் பிடித்து, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவையும் எட்டியது. பூ மட்டும் இல்லை. பகல் குறுகினால்தான் அது பூக்கும். உரம் எவ்வளவு போட்டாலும் பஞ்சாங்கத்தைத்தான் மதிக்கும். ஐப்பசியில் வெளிர்நீலப் பூ வந்தது, பின்னாலேயே நான்கு சிறகோடு காயும் வந்தது.

"ஏங்க, இன்னிக்காவது அதப் பறிக்கட்டுமா?"

"அது விதைக்கு விட்டது."

முதல் காய் விதைக்கு. இரண்டாவது, முதல் காய் கெட்டுப்போனால் உதவும் என்று விதைக்கு. மூன்றாவது ஒருவருக்கு வாக்குக் கொடுத்தது. நான்காவதைப் பறிக்கலாம் என்று முடிவெடுப்பதற்குள் அது முற்றிவிட்டது. ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டியதில் பந்தலே வேண்டுதல் மரம்போல் ஆனது. ஆய்வுக் காலம் முழுவதும் சமைக்கப்பட்ட காய்களின் எண்ணிக்கை: 0.

சுரையின் நிலை இன்னும் சிக்கல். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வந்துபோகும் பூச்சிகள் சாதகம் பார்ப்பதில்லை. குடுக்கைச் சுரை என்று வாங்கிய விதையில் நீளமும் உருண்டையும் சண்டையிட்டுப் பாதியில் நின்ற உருவங்கள் காய்த்தன. இனம் காக்க, அன்று மலரவிருக்கும் பெண்மொட்டை முன்னதாகவே நூலால் கட்டிவைத்து, பொழுது சாய்ந்து பூ விரியும் வேளையில் கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும். இதனால் குழுவில் இரண்டாவது ஷிப்டுக்காரர் எவரும் சுரை வளர்ப்பதில்லை.

இதெல்லாம் வேலையற்ற வேலை என்போர் திரூர்க்குப்பத்தை நினைக்க வேண்டும். திருவள்ளூரை அடுத்த அவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 நெல், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்சுக்குப் போய், அங்கே 1969-இல் வெளியான ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்றானது. அந்த ஐ.ஆர். 20 நம் வயலுக்கே திரும்பி வந்தது. கொடுத்ததற்கு மேல் திரும்பிய கணக்கில் மூத்தவரையே மிஞ்சிய மொய் இது.

மாசிக் கூட்டத்துக்கு இவ்வாய்வாளர் அறுபது சிறகு அவரை விதையோடு போனார். பத்தை மூத்தவர் எண்ணி வாங்கிக்கொண்டார். மீதியை வாங்க ஆளில்லை. எல்லோர் பையிலும் அதே அறுபது. அரிய விதையின் அருமை சுமார் ஒரு பட்டம் நீடிக்கும் எனத் தெரிகிறது. அப்போது புதிதாக ஒருவர் தயங்கி வந்து, ஒரு பொட்டலத்தை நீட்டினார். இவ்வாய்வாளர் அதைப் பிரித்தார். தனியா. முகர்ந்து பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் சுதாரிப்பதற்குள் ஐம்பது விதையுள்ள மொய் கவரைச் சட்டைப் பையில் திணித்தார்.