மாற்றியமைக்கப்பட்ட காரின் மெய்க்குதிரைகளைக் கணித்தல்: ஓர் ஆய்வு

மாற்றியமைக்கப்பட்ட காரொன்றின் குதிரைத்திறன் மூவகைப்படும்: உரிமையாளர் வாயில் பிறப்பது நாக்குதிரை, அளவுக்கூடத்தின் தாளில் பிறப்பது தாட்குதிரை, சாலையில் காரை உண்மையிலேயே தள்ளுவது மெய்க்குதிரை. இவற்றுள் முதலாவது தீனியின்றியே பெருகும் இயல்பினது. டர்போ பொருத்திய மறுநாளே இருநூறு கூடிவிடுவதும் உண்டு.

இப்பெருக்கத்துக்கு உரிமையாளரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. காற்று வடிகட்டி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் ஆகியவற்றின் சுமையைத் தவிர்த்து இன்ஜினை அளந்து வந்த அமெரிக்க நிறுவனங்கள், 1972இல் அவற்றையெல்லாம் பூட்டி அளக்கும் நிகர முறைக்கு மாறியபோது, ஏட்டளவில் எத்தனையோ குதிரைகள் ஒரே ஆண்டில் மாண்டன. ஜப்பானியரோ எதிர்த்திசையில் சென்று, 1989 தொடங்கி 2004 வரை எந்தக் காருக்கும் 280க்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் பேசிவைத்துக்கொண்டமையால், நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை உள்ளதைக் குறைத்துச் சொல்லும் அரிய பண்பைப் பெற்றன.

தாட்குதிரை டைனோ எனப்படும் கருவியில் பிறக்கிறது. காரின் சக்கரங்களைக் கனத்த உருளைகளின் மேல் ஏற்றி ஓடவிட்டு, உருளை சுழலும் வேகத்திலிருந்தும் முறுக்குவிசையிலிருந்தும் திறனைக் கணிப்பர். சக்கரத்தில் கிடைப்பது இன்ஜினில் பிறந்ததைவிடக் குறைவு. இடையில் கியர்பாக்ஸும் அச்சுகளும் தம் பங்கை விழுங்கிவிடுகின்றன. அப்பங்கு எவ்வளவு என்பதில்தான் உரிமையாளரின் புலமை வெளிப்படும். சக்கரத்தில் 400 வந்தால், இழப்பு 15 விழுக்காடு என்போர் 470 என்பர். 25 என்போர் 533 என்பர். ஒரு போல்ட்டையும் தொடாமல், வகுத்தல் ஒன்றினாலேயே அறுபத்துச் சொச்சம் குதிரைகள் இலாயத்துக்கு வந்து சேர்கின்றன. வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஈடுசெய்யும் திருத்தக் காரணியும் உண்டு. கொதிக்கும் நாளில் அது தாராளமாக வழங்கும்.

எனவே மெய்க்குதிரையைக் காண்பதற்குக் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டமே தக்கது. கோட்டைக் கடக்கும் வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என எடுத்து, 234ஆல் வகுத்து, மும்மடியாக்கி, ஓட்டுநரோடு சேர்ந்த காரின் பவுண்டு எடையால் பெருக்கினால் இன்ஜினின் திறன் ஏறத்தாழக் கிட்டும் என்பது பந்தயக்காரர் வழங்கும் சூத்திரம். 1,600 கிலோ எடையுள்ள கார் 600 குதிரை உடையதென்றால் மணிக்கு 208 கிலோமீட்டரையொட்டிக் கோட்டைக் கடக்கவேண்டும். 180இல் கடந்தால் அதனிடம் உள்ளவை 385தாம். டயர் வழுக்கிவிட்டது என்னும் தொன்றுதொட்ட விளக்கம் இங்கு அதிகம் செல்லாது, ஏனெனில் தொடக்க வழுக்கல் ஓட்ட நேரத்தைக் கெடுக்குமளவு கடப்பு வேகத்தைக் கெடுப்பதில்லை.

உச்சவேகம் பற்றிய கூற்றுகளைச் சுருக்கமாகவே தள்ளிவிடலாம். காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாய் உயர்வதால், மணிக்கு 250 கிலோமீட்டரிலிருந்து 300ஐ எட்டத் திறன் ஏறக்குறைய 1.7 மடங்காகவேண்டும். வேகமானி முள்ளைச் சான்றாகக் காட்டும் காணொளியும் ஏற்புடையதன்று; ஐரோப்பிய விதிப்படி அம்முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாகாதே தவிர, பத்து விழுக்காடும் நான்கு கிலோமீட்டரும் கூட்டிக் காட்ட இடமுண்டு.

எஞ்சியிருப்பது எடைமேடை. பின்னிருக்கையைக் கழற்றிக் காரை இலேசாக்கிய பெருமையை ஆண்டு முழுதும் பேசிய உரிமையாளரே, சூத்திரத்தில் எடை கூடினால் குதிரையும் கூடும் என்றறிந்த கணத்தில், கார் தொழிற்சாலையிலிருந்து வந்த எடையிலேயே இன்றும் இருக்கிறது என வாதிடத் தொடங்குவார்.