நடைபவனியில் நாகரிகமாகப் புகைப்பது எப்படி?

முதலில் பயத்தை விடுங்கள். பொலிஸ் வராது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் புகைக்கக்கூடாது என்று சொல்வது மூடப்பட்ட பொது இடங்களில்தான். திருகோணமலை உட்துறைமுக வீதிக்குக் கூரை கிடையாது. ஆகவே புற்றுநோய் விழிப்புணர்வு நடைபவனி அந்த வீதியால் போகும்போது, ‘புகைத்தலை ஒழிப்போம்’ என்ற பதாகைக்கு நேர் கீழே நின்று நீங்கள் ஒரு கோல்ட் லீஃப் பற்றவைத்தாலும் சட்டம் கண்டுகொள்ளாது. சனம் கண்டுகொள்ளும். அந்தச் சனத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்கே இந்த வழிகாட்டி.

இரத்ததான முகாம் என்றால் கொஞ்சம் சிக்கல். மைதானத்தில் கூடாரம் அடித்திருப்பார்கள். மேலே தகரம், மூன்று பக்கம் துணி, நாலாவது பக்கம் திறப்பு. இது மூடப்பட்ட இடமா, திறந்த இடமா? ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். அவர் பதிலுக்கு யோசிக்கத் தொடங்கும்போதே உங்கள் சிகரட் முடிந்துவிடும்.

வெளிநாட்டு முன்மாதிரிகளைக் கிளறாமல் இருப்பது நல்லது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 2008 ஒக்டோபர் 2 முதல் விளையாட்டரங்கு, திறந்தவெளி அரங்கு, பஸ் நிறுத்தம் எல்லாமே பொது இடம் என்று விதி சொல்கிறது. பிடித்தால் 200 ரூபா வரை தண்டம். பிரான்சில் 2025 யூன் 29 முதல் பூங்கா, கடற்கரை, பஸ் தரிப்பிடம் எங்கும் ஊத முடியாது. லா சப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மச்சான் உப்புவெளிக் கடற்கரையில் இறங்கியதும் இரண்டு சிகரட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைப்பது ஏன் என்று இப்போது விளங்கும். அவரை நடைபவனிக்குக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

உடையைக் கவனியுங்கள். ஏற்பாட்டுக் குழு தரும் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு புகைப்பதுதான் புதியவர்கள் விடும் பெரிய பிழை. நெஞ்சில் ரிப்பன் படம், முதுகில் ‘புற்றுநோயை வெல்வோம்’, வாயில் புகை: இதைவிட நல்ல படம் எந்தத் தொலைபேசிக்கும் கிடைக்காது, பின்னேரத்துக்குள் ஊரின் எல்லா வட்ஸ்அப் குழுவிலும் நீங்கள் இருப்பீர்கள். ரீசேட்டை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போது அனுசரணையாளரின் பெயர் மறைந்துவிடும். குழுவினருக்குப் புகையைவிட அதில்தான் கோபம் வரும். அனுசரணை என்றதும் ஒன்று ஞாபகம். இன்றைக்குப் புகையிலைக் கம்பனி எதுவும் அந்த ரீசேட்டில் பெயர் போட முடியாது, 2006 சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அர்ஜுன ரணதுங்க தூக்கிய கிண்ணத்தின் பெயர் வில்ஸ் உலகக் கிண்ணம். வில்ஸ் என்பது சிகரட். நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் துள்ளிக் குதித்தோம், ஒருவரும் இருமவில்லை.

இனிக் காற்று. இந்த வழிகாட்டியில் உண்மையாகவே உதவக்கூடிய பகுதி இதுதான், ஆறுதலாகப் படியுங்கள்.

வெளியில்தானே, காற்று அள்ளிக்கொண்டு போகும் என்பது எல்லாப் புகைகாரரும் சொல்லும் நியாயம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் 2007இல் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். அந்த நியாயம் பாதி சரி. சிகரட்டை அணைத்ததும் வெளிக்காற்று சட்டெனச் சுத்தமாகிறது. அறைக்குள் போலத் தேங்குவதில்லை. ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போது, காற்றுப் போகும் பக்கத்தில் ஓரிரு அடி தூரத்தில் இருப்பவருக்கு, அறைக்குள் இருப்பதோடு ஒப்பிடக்கூடிய அளவு புகை கிடைக்கிறது. இரண்டு மீற்றர் தள்ளிப் போனால் வேகமாகக் குறைகிறது. ஆகவே கேள்வி, நீங்கள் வெளியில் நிற்கிறீர்களா என்பதல்ல. காற்று எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் யார் நிற்கிறார்?

திருகோணமலைக்காரருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நகரம் இரண்டு கடலுக்கு நடுவே இருக்கிறது: ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். மே 31, புகையிலை எதிர்ப்பு நாள். அந்த நேரம் கச்சான் காற்றுத் தொடங்கும். துறைமுகப் பக்கமிருந்து நகரத்தை நோக்கிச் சூடாக வீசும். துறைமுக மதிலில் சாய்ந்து, கப்பல் பார்ப்பதுபோல் பாவனை செய்து ஊதினீர்கள் என்றால் உங்கள் புகை நடைபவனியின் முன்வரிசையில் வரும் தாதிய மாணவிகளின் மூக்குக்கு நேராகப் போகும். வீதியைக் கடந்து நகரப் பக்கம் போய் நில்லுங்கள். பெப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாள் என்றால் எல்லாம் தலைகீழ். வாடைக்காற்றுக் காலம், புகை துறைமுகத்துக்கு மேலால் போகும். மதிலோரம்தான் உங்கள் இடம். கப்பல்கள் முறைப்பாடு செய்வதில்லை. அன்றைக்குச் சுதந்திர தினமும் என்பதால் ஒலிபெருக்கி, கொடி, வெள்ளைச் சட்டை எல்லாவற்றுக்கும் ஊரில் தட்டுப்பாடு. உங்களைக் கவனிக்கவும் ஆட்கள் குறைவு. திசை தெரியாவிட்டால் பதாகையைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் உப்புகிறதோ அந்தப் பக்கம், இருபது அடி தள்ளி.

சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் இந்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம். அணைத்துவிடுங்கள். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்குச் சாப்பாட்டு வாசனையே குமட்டும்.

சிகரட்டை வாங்குவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, இருந்தாலும் ஒரு நுட்பம். பெட்டியாக வாங்காதீர்கள். பெட்டியில் படம் இருக்கும். அந்தப் படத்துக்காக இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமில்லை. 2012இல் பெட்டியின் 80 வீதத்தில் நோய்ப்படம் போடவேண்டும் என்று சுகாதார அமைச்சு ஒழுங்குவிதி கொண்டுவந்தது, கம்பனி நீதிமன்றம் போனது, பரப்பு சுருங்கியது, 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை மீட்டது. அழுகிய வாய், துளை விழுந்த தொண்டை, எல்லாம் வண்ணத்தில். நீங்கள் பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரட் கேட்கிறீர்கள். கடைக்கார அண்ணை பெட்டியைக் கவிழ்த்து, ஒன்றை உருவி நீட்டுகிறார். நூலில் தொங்கும் லைட்டரை நீங்களே இழுத்துப் பற்றவைக்கிறீர்கள். படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் அண்ணை. அவர் புகைப்பதில்லை. யாழ்ப்பாணப் பக்கம் சில சந்திகளில் கடைக்காரர்கள் தாங்களாகவே விற்பதை நிறுத்தினார்களே, அதில் இந்தப் படத்துக்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

பிறகு குழுப்படம். யாராவது ‘எல்லாரும் கிட்ட வாங்கோ’ என்பார்கள். சிகரட் உள்ள கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பது பழைய முறை, தலைக்கு மேலால் புகை எழும்பும். பேசாமல் படத்துக்கு நிற்காதீர்கள்.

அடுத்தது தலைவர். எந்த நடைபவனிக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் உங்களைக் கண்டதும் விறுவிறென்று வருவார்.

“தம்பி, இது என்ன நிகழ்ச்சி எண்டு தெரியுமோ? கொஞ்சமாவது யோசிக்க வேணாமோ?”

சொல்லும்போது அவர் வாயில் ஒரு பக்கம் கன்னம் உப்பியிருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. ‘யோசிக்க’ என்ற சொல்லின்போது உங்கள் சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். இந்த இடத்தில் நாக்கு துருதுருக்கும். இலங்கையில் ஆண்களை அதிகம் பிடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. சொல்லாதீர்கள். “சரி ஐயா” என்று அணைத்துவிட்டு, அவர் துப்புவதற்கு மதில் தேடும்வரை காத்திருங்கள். அவர் சொன்னது சரி. சொன்ன வாய்தான் பிழை. ஆனால் அவர் வாய்க்குள் இருப்பது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகாது, உங்களுடையது போகும். அந்த வித்தியாசத்தில் அவர் வென்றுவிடுகிறார்.

அடிக்கட்டையை என்ன செய்வது? வீதியில் போட்டு மிதிப்பது மரபு. பஞ்சு மாதிரித் தெரியும் அந்த வடிகட்டி செலுலோஸ் அசற்றேற்று, அதாவது பிளாஸ்ரிக். மழை வந்தால் வடிகாலால் துறைமுகத்துக்குப் போகும். வராவிட்டால் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வரும்; ஊர் மான்களுக்குக் கடதாசி, பொலித்தீன் என்று பேதமில்லை. இரண்டும் நடக்காவிட்டால் நாளைக் காலையில் சிரமதானம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு உங்கள் வாயிலிருந்து வந்ததைப் பொறுக்குவார்கள், அதற்கும் ஒரு படம் எடுப்பார்கள். வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் இரண்டு விரல் தண்ணீர் விட்டுக் கையில் வைத்திருங்கள். அது சாம்பல் கிண்ணம் என்று யாருக்கும் தெரியாது. தாகமாக இருக்கும் நண்பர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

நடைபவனி சீனக்குடாப் பக்கம் போனால் இந்தக் கட்டுரையை முழுவதுமாக மறந்துவிடுங்கள். அங்கே பிரிட்டிஷ்காரர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானம் ஒன்று அதில் ஒன்றின் மீது விழுந்தபின் நடந்தது போதும்.

கடைசியில் உண்டியல் வரும். போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். புகைப்பவன் காசை வாங்கலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து ‘ட்ரெயில்’ பயணத்தார் திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது, 2016இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து காலி கராப்பிட்டியவுக்குச் சேர்த்தார்கள். வழிநெடுக உண்டியலில் காசு போட்டவர்களிடம் யாரும் மூச்சை ஊதிக் காட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதுவரை புகைப்பவருக்குச் சொன்னேன். ஏற்பாட்டாளருக்கும் இரண்டு வார்த்தை உண்டு.

உங்கள் நடைபவனியைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். முன்னால் பதாகை பிடிப்பவர்கள் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தாதியர். இலங்கையில் புகைக்கும் பெண்கள் மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு 21 வயதுவரை விற்கவே கூடாது. ‘புகைக்காதே’ என்ற துண்டுப்பிரசுரம் அவர்கள் கையில்தான் கத்தை கத்தையாக இருக்கிறது. புகைப்பவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் பின்னால், ஒலிபெருக்கி வானுக்கு அந்தப் பக்கம்: ஓட்டோ ஓட்டி வந்தவர், கூடாரம் அடித்தவர், கதிரை இறக்கியவர், மனைவியைக் கொண்டுவந்து விட்டவர். ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொல்லும் பொருளைப் பற்றிய கூட்டத்தில், அந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கும் பத்துப் பேரோடு ஒருவரும் பேசவில்லை. ‘அங்கால போய் ஊது’ என்று மட்டும் சொன்னோம், அவர்களும் போனார்கள்.

ஊதுவதற்கு இடம் ஒன்று ஒதுக்குங்கள், காற்று போகும் பக்கமாக, தண்ணீர்ப் போத்தலோடு. கூட்டத்துக்குள் ஊத வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், ஒலிபெருக்கியில் ஒருதரம் சொல்லுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பிறகு பி.எச்.ஐ. ஐயாவை, அல்லது மேடையில் சும்மா குந்தியிருக்கும் இளம் டொக்டரை அந்த இடத்துக்கு அனுப்புங்கள். மாலையைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கையில் பிளேன்டீத் தட்டு இருந்தால் ஆட்கள் கலையமாட்டார்கள். புகைத்தலை விடுவதற்கான தொலைபேசி இலக்கம் 1948 என்று சொல்லட்டும். சுதந்திரம் கிடைத்த வருடம் என்பதால் எழுதிவைக்கத் தேவையில்லை. ஒரு சிகரட் முடிய ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். படம் பிடிப்பவரை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.